மழை அவர்களுக்கு அழைப்பு அனுப்பப்பட்டது

காவேரிக்கரை நெல் விளைவிப்போர் கூட்டு நிறுவனத்தில் ஒத்துழைப்பு போதாது என்ற உண்மையை முதலில் கண்டுபிடித்தவர் அதன் முதன்மைச் செயல் அலுவலர் திரு. தியாகேசன் அவர்கள்தான். சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்த கருத்தரங்கில், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் அவர் இதைக் கண்டுபிடித்தார். அதுவரை நிறுவனத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அதுவரை ஒத்துழைப்பு எப்படி நடந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தஞ்சாவூர்த் தலைமை அலுவலகத்துக்கும் அதை ஒட்டிய கிடங்குக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு உண்டு. இந்தப் பக்கமிருந்து யாராவது, "கமருன்னிஸாக்கா, சாக்கு இருக்கா?" என்று கத்துவார்கள். அந்தப் பக்கமிருந்து கிடங்குப் பொறுப்பாளர் கமருன்னிஸா, "இருக்கு, வண்டியை அனுப்பு" என்று கத்துவார். வண்டி போகும், சாக்கு வரும். இதில் பதிவு இல்லை, தரவு இல்லை, பகுப்பாய்வு இல்லை. சாக்கு மட்டும்தான் இருந்தது.

"நாம இன்னும் கற்காலத்துல இருக்கோம்" என்று தியாகேசன் வருத்தப்பட்டார். 'கூடிச்செய்' என்ற புதிய மென்பொருள் வாங்கப்பட்டது. அதற்குள் 'துணை' என்று ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளர். ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு துணை. நாம் சொல்ல நினைப்பதை அது அழகாக எழுதி அனுப்பும். நமக்கு வருவதை அதுவே படித்துச் சுருக்கிச் சொல்லும். நமக்கு நேரமில்லை என்றால் நம் சார்பில் கூட்டத்துக்கும் போகும். வாரக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் 'ஒத்துழைப்பு மதிப்பெண்' போடும். போனில் பேசினாலும் தடுப்புக்கு மேலே கத்தினாலும் மதிப்பெண் குறையும். அவை 'பதிவாகாத ஒத்துழைப்பு' என்ற குற்றத்தில் சேர்ந்துவிட்டன.

பயிற்சி கொடுக்க பெங்களூரிலிருந்து வந்தவர், "இனிமே நீங்க வேலை செய்யணும்னு இல்ல, ஒத்துழைச்சாப் போதும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

குடவாசல் பக்கத்துக் கொள்முதல் களத்துக்குப் பொறுப்பாளர் எழில்மொழி. வேளாண்மையில் எம்.எஸ்ஸி. படித்தவள். முதல் வாரமே அவள், "தலைவலி, நாளைக்கு லீவு வேணும்" என்று எழுதினாள். அவளுடைய துணை அதை, "தலைமைப் பகுதியில் எழுந்துள்ள எதிர்பாராத சவாலை எதிர்கொள்ளும் பொருட்டு" என்று தொடங்கி ஒரு பக்கத்துக்கு வளர்த்தது. தியாகேசனின் துணை அதைச் சுருக்கி, 'பணியாளர் புதிய சவால்களுக்குத் தயார்' என்று அவரிடம் கொடுத்தது. மறுநாள் எழில்மொழிக்கு இன்னொரு களமும் கூடுதல் பொறுப்பாகக் கிடைத்தது.

அதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் நாலு வருஷமாக அவள் கடிதத்துக்குப் பதிலே போடாத தியாகேசன், இப்போது நிமிஷத்தில் 'தங்கள் அர்ப்பணிப்பு எங்களுக்கு ஊக்கம்' என்று பதில் போட்டார். அதை போட்டோ பிடித்து அம்மாவுக்கு அனுப்பினாள்.

குறுவை அறுவடை வந்தது. களத்தில் நெல் குவியல் குவியலாக வந்து இறங்கியது. மூட இருந்த படுதாக்களில் பாதி கிழிசல். புதுப் படுதாக்கள் தஞ்சாவூர்க் கிடங்கில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. வெள்ளிக்கிழமை பலத்த மழை என்று வானிலைச் செய்தி சொன்னது.

கோவிந்தராசு அவளிடம் வந்தார். அவருடைய அப்பா காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பம். இப்போது சொந்தமாக ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலமும், நிறுவனத்தில் ஒரு பங்கும் உண்டு. அந்தப் பங்குப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார்.

"மேடம், என் நெல்லு தாழ்வான மூலையில கிடக்கு. படுதா எப்ப வரும்?"

"இதோ அண்ணே, இப்பவே எழுதிடறேன்" என்று அவள் போனை எடுத்தாள். 'வெள்ளிக்கிழமை மழை வருது. நெல் வெட்டவெளியில் கிடக்கு. படுதா உடனே வேணும்.'

துணை அதை இப்படித் திருத்தியது: 'வணக்கம். இம்மடல் தங்களை நலமுடன் சந்திக்கும் என நம்புகிறேன். வெள்ளிக்கிழமையன்று நம் பகுதிக்கு மழை வருகை தரவிருக்கும் இனிய வேளையில், திறந்தவெளியில் காத்திருக்கும் நெல்மணிகளின் சார்பாக, மூடுதல் தொடர்பான வாய்ப்புகளை இணைந்து ஆராய விழைகிறேன்.'

கொஞ்சம் சுற்றி வளைப்பதாக அவளுக்குப் பட்டது. ஆனால் ஓரத்தில் 'பணிவு: மிக நன்று' என்று பச்சையில் மின்னியது. அனுப்பிவிட்டாள்.

தியாகேசனுக்குப் போன சுருக்கம்: 'குடவாசலில் மழை வரவேற்பு ஏற்பாடுகள் சிறப்பு. நெல் காத்திருக்கிறது. தாங்கள் செய்ய வேண்டியது: வாழ்த்து.' அவர் பொத்தானை அமுக்கினார். களத்தில் எழில்மொழியின் போன் சிணுங்கியது. 'மழை வரவேற்புக் குழுவினருக்கு நெஞ்சார்ந்த வாழ்த்துகள்.'

மதிப்பெண் போனால் போகட்டும் என்று அவள் அவருக்கு போன் போட்டாள். எடுத்தது அவருடைய துணை. "தங்கள் குரலில் பதற்றம் தெரிகிறது. மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கவும்" என்றது.

"என்ன சொல்றாங்க?" என்றார் கோவிந்தராசு.

"மூச்சை இழுக்கச் சொல்றாங்க அண்ணே."

"நெல்லு மேல படுதாவை இழுக்கணும்னு கேட்டா, மூச்சை இழுக்கச் சொல்றாங்களா?"

வியாழக்கிழமை காலையில் அவள் கும்பகோணம் போய் பஸ் மாறி தஞ்சாவூரில் இறங்கினாள். தியாகேசன் அறையில் இருந்தார். நேரில் பார்த்ததில் அவருக்கும் சந்தோஷம்தான்.

"உக்காருங்க எழில்மொழி. மெசேஜ் போட்டீங்களா?"

"அதான் நேர்லயே வந்துட்டேனே சார். படுதா வேணும் சார்."

"அங்கதான் தப்புப் பண்றீங்க. நீங்க வாயால சொல்றீங்க, நான் காதால கேக்கறேன். இதுக்கு என்ன பதிவு இருக்கு? உங்க துணைகிட்ட சொல்லுங்க. அது என் துணைகிட்ட சொல்லும். என் துணை என்கிட்ட சொல்லும்."

"நடுவுல மேஜைதான சார் இருக்கு?"

"அதனாலதான் சொல்றேன்."

அவள் அவருக்கு எதிரில் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். அவருடைய போன் சிணுங்கியதும் ஆவலோடு எடுத்துப் படித்தார்.

"இது பல துறை சம்பந்தப்பட்ட விஷயமாச்சே. கூட்டம் போட்டுடலாம்."

"சார், படுதா கிடங்குல இருக்கு. கிடங்கு இந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"பக்கத்துல இருக்கறவங்களோடதாம்மா ஒத்துழைப்பு ரொம்பக் கஷ்டம்" என்றார் தியாகேசன். இதைக் கருத்தரங்கில் சொல்லியிருந்தார்கள்.

கூட்டம் அப்போதே நடந்தது. தியாகேசனின் துணை, எழில்மொழியின் துணை, கமருன்னிஸாவின் துணை மூன்றும் கலந்துகொண்டன. தியாகேசன், எழில்மொழி, கமருன்னிஸா மூவரும் கலந்துகொள்ளவில்லை. காபி ஆறுவதற்குள் கூட்டம் முடிந்து தீர்மானங்கள் வந்துவிட்டன.

'ஒன்று: படுதா வழங்குவதில் அனைவருக்கும் முழு உடன்பாடு இருப்பதால், படுதா வழங்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. இருப்பு திருத்தப்பட்டது. இரண்டு: வெள்ளிக்கிழமை வருகை தரவுள்ள மழை அவர்களுக்கு அழைப்பு அனுப்பப்பட்டது. ஒப்புதல் பெறப்படவில்லை. ஆகவே மழை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது.'

"பாத்தீங்களா? ரெண்டு பிரச்சனையும் முடிஞ்சது" என்றார் தியாகேசன்.

எழில்மொழி எழுந்து கிடங்குக்கு ஓடினாள்.

"அக்கா, படுதா குடுங்க."

கமருன்னிஸா கணினித் திரையைக் காட்டினார். "படுதா இல்லையேம்மா. எல்லாம் குடவாசலுக்குக் குடுத்தாச்சுன்னு இருக்கு."

"உங்களுக்குப் பின்னாடி அடுக்கி வச்சிருக்கே, அது என்னக்கா?"

கமருன்னிஸா திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "நீ சொல்றது சரிதான் எழிலு. ஆனா கண்ணால பாத்தேன்னு சொன்னா ஆடிட்ல ஏத்துக்க மாட்டாங்க. குடுத்த பொருளை மறுபடி குடுத்தா என் வேலை போயிடும்."

"நெல்லு போயிடும்க்கா."

கமருன்னிஸா யோசித்தார். எழுந்து கதவை அகலத் திறந்து வைத்தார். "கிடங்குல படுதா இல்ல. இல்லாத பொருளை ஒருத்தர் எடுத்துக்கிட்டுப் போனா, நான் எப்படித் தடுக்க முடியும்?" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

எழில்மொழி ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியைப் பிடித்து, இல்லாத படுதாக்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். கும்பகோணம் தாண்டும்போதே கண்ணாடியில் தூறல் விழுந்தது. ஒத்திவைத்த தகவல் கிடைக்காத காரணத்தால், மழை ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது.

களத்தில் எல்லோரும் சேர்ந்து இழுத்து மூடினார்கள். மேட்டுப் பக்கத்துக் குவியல்கள் தப்பின. தாழ்வான மூலையில் தண்ணீர் அடியில் புகுந்துவிட்டது. மூன்றாம் நாள் மழை விட்டு, படுதாவை விலக்கியபோது கோவிந்தராசுவின் நெல் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. அவர் ஒரு கை அள்ளிப் பார்த்தார். அள்ளியதைக் கீழே போடவே இல்லை. எழில்மொழி அவர் முகத்தைப் பார்க்காமல் ஈரப் படுதாவை மடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து அவர் முளைத்த நெல்லை ஒரு பையில் கட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து பேரோடு தஞ்சாவூருக்குப் போனார். தியாகேசனின் மேஜை மேல் கொட்டினார்.

"இதுக்கு என்ன பதில் சொல்றீங்க?"

தியாகேசன் பதறவில்லை. அறிக்கையைப் பார்த்தார். "படுதா மழைக்கு முன்னாடியே வழங்கியாச்சு. மழையும் ஒத்திவச்சாச்சு. அதனால நெல்லு நனைஞ்சிருக்க வாய்ப்பே இல்லைங்க."

"அப்ப இது என்ன?"

நியாயமான கேள்வி என்று அவருக்கும் தோன்றியது. மேஜையில் கிடந்ததைப் படம் எடுத்துத் துணையிடம் கேட்டார். துணை உற்சாகமாகச் சொன்னது: "அருமையான முளைப்புத் திறன்! விவசாயிக்கு வாழ்த்துகள்."

கோவிந்தராசு காலிப் பையை உதறி மடித்தார். "சார், நான் இங்க பிச்சை கேக்க வரல. நான் பங்குதாரன். பேரவைக் கூட்டம் வரட்டும். மைக்கைப் பிடிச்சு, எல்லாருக்கும் முன்னால நாலு கேள்வி கேக்கறேனா இல்லையா பாருங்க." வந்தவர்கள் எல்லோரும், "நாங்களும் கேப்போம்" என்றார்கள்.

எழில்மொழிக்கு ஒரு குறிப்பாணை வந்தது: 'கிடங்கில் இல்லாத படுதாக்களைக் கிடங்கிலிருந்து எடுத்துச் சென்றது ஏன்?' அவள் கோபத்தோடு உட்கார்ந்து, 'நெல் நனைஞ்சுது சார், அதனால' என்று எழுதினாள். 'பணிவு: போதாது' என்று சிவப்பில் மின்னியது. அழித்தாள். மறுபடி எழுதினாள். அதையும் அழித்தாள். கடைசியில் அலுத்துப்போய் 'பதில் தயார் செய்' என்ற பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்க் குளித்தாள்.

அவள் துணை என்ன எழுதியதோ, அவள் இன்றுவரை படிக்கவில்லை. அடுத்த வாரம் 'ஒத்துழைப்பு மேம்பாட்டு அலுவலர்' என்று பதவி உயர்வு வந்தது. தஞ்சாவூரில் ஏ.சி. அறை. வேண்டாம் என்று எழுதலாமா என்று ஒரு நாள் பூராவும் யோசித்தாள். பிறகு பேரவைக் கூட்டத்தை நடத்தும் பொறுப்பு அந்தப் பதவிக்குத்தான் என்று தெரிந்ததும் ஏற்றுக்கொண்டாள். விவசாயிகள் வந்து பேசட்டும், மைக்கை யாரும் பிடுங்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று கோவிந்தராசுவிடம் போனில் சொன்னாள்.

"போதும்மா. அது ஒண்ணே போதும்" என்றார் அவர்.

உறுப்பினர்களுக்கான அறிவிப்பை அவள் துணை தயாரித்தது. அது நீளமாக இருந்ததால் அதன் சுருக்கத்தை மட்டும் படித்தாள். 'அறிவிப்பு சிறப்பாக உள்ளது' என்றது சுருக்கம். எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. நேரில் வர இயலாத பங்குதாரர்கள் இலவசமாகத் தங்கள் போனில் துணையை இறக்கி, அதைக் கூட்டத்துக்கு அனுப்பலாம் என்று அதில் ஒரு பத்தி இருந்தது.

கூட்ட நாளன்று கல்யாண மண்டபத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. எலுமிச்சைச் சாதப் பொட்டலங்கள் மலை போலக் குவிந்திருந்தன. மைக்கை எழில்மொழியே சோதித்துப் பார்த்தாள். கோவிந்தராசுவுக்கு முன்வரிசையில் நடு நாற்காலியை ஒதுக்கி வைத்தாள்.

ஒருவரும் வரவில்லை. தியாகேசனும் வரவில்லை. மேடையிலிருந்த பெரிய திரையில் மட்டும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வட்டங்கள் தோன்றி, ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லி, பேசி, நன்றி கூறி, ஒவ்வொரு தீர்மானத்தையும் ஏகமனதாக நிறைவேற்றிக்கொண்டிருந்தன. மண்டபத்துக் காவல்காரர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தார்.

எழில்மொழி கோவிந்தராசுவுக்கு போன் போட்டாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"அண்ணே, எங்க இருக்கீங்க? கூட்டம் நடந்துக்கிட்டிருக்கு."

"தெரியுமே! நான் அங்கதானம்மா இருக்கேன்."

"இங்கயா?"

"மன்னார்குடில மச்சினன் வீட்டுக் காதுகுத்து, வராம இருக்க முடியல. மருமவதான் போன்ல அந்தத் துணையைப் போட்டுக் குடுத்துச்சு. நல்லா காரசாரமா நாலு கேள்வி கேளுன்னு அதுகிட்ட சொல்லிட்டு வந்தேன். இப்பத்தான் செய்தி வந்துச்சு. நான் பேசினதுக்குப் பலத்த கைதட்டலாம். நம்ம ஆளுங்க எல்லாருமே பேசியிருக்காங்களாம்." அவர் குரலில் பெருமை வழிந்தது.

எழில்மொழி காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "என்ன அண்ணே கேட்டீங்க?"

"இரும்மா" என்றார் கோவிந்தராசு. "சுருக்கத்தைப் பாத்துச் சொல்றேன்."