புலி வீட்டுப் புல்லுக்கு ஒட்டுப் போட்ட ஆடு

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோமே, அதற்கு வயிறு உப்பிக்கொண்டால் என்ன தின்னும் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? நான் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு காட்டில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. குடியிருப்போர் சங்கம் கூடி, இனி யாரும் வாசலில் நிஜப் புல் வளர்க்கக் கூடாது, பிளாஸ்டிக் புல்தான் விரிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. முயல் எதிர்த்துப் பேசியது. அதன் பேச்சு தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை. ஒரே மாதத்தில் காடு பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டது.

பிளாஸ்டிக் புல்தானே, விரித்தால் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. படுத்துப்போன இழைகளைப் பிள்ளைக்குத் தலை வாருவது போல எதிர்ப்பக்கமாக பிரஷ் போட்டு நிமிர்த்த வேண்டும். இடையில் மணல் தூவ வேண்டும். குட்டிகள் மூத்திரம் பெய்த இடத்தைச் சோப்புத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். கிழிந்தால் ஒட்டுப் போட வேண்டும். இதிலெல்லாம் கெட்டிக்காரி செம்பகம் என்கிற வெள்ளாடு.

ஆட்டை நம்பிப் புல்லை விடுவதா என்று முதலில் எல்லா வீட்டிலும் இழுத்தார்கள். அது வேலை செய்கிற நேரம் முழுக்க மான் பக்கத்திலேயே நின்று அதன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு வருஷம் ஒரு இழையைக்கூட மெல்லாமல் இருந்துதான் செம்பகம் நல்ல பேர் வாங்கியது.

ஒருநாள் காலையில் புலியிடமிருந்து போன்.

"செம்பகம், உடனே வா. பின்பக்கமா வா."

ஒரு ஆட்டுக்குப் புலியிடமிருந்து இப்படி அழைப்பு வந்தால் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் புலியின் புல்லுக்கு ஐந்து வருஷ வாரண்டி இருந்தது. கூப்பிட்ட அன்றே போகாவிட்டால் புல் கம்பெனிக்குப் புகார் எழுதுவார்கள். செம்பகம் போனது.

குகை வாசலில் விரித்த புல்லின் நடுவே சோற்றுச் சட்டி அளவில் மூன்று பொத்தல். சுற்றிலும் மென்று துப்பிய பச்சை நார்.

"வெயில்ல இப்படி ஆயிடுச்சு," என்றது புலி, வேறு பக்கம் பார்த்தபடி.

"வெயிலுக்குப் பல்லு கிடையாதுங்களே ஐயா."

புலி ஒரு ஏப்பம் விட்டது. அதன் மீசையில் ஒரு பச்சை இழை ஒட்டிக்கொண்டிருந்தது.

"முந்தாநாள் பன்றி கொஞ்சம் அதிகமாப் போயிடுச்சு. வயிறு கல்லு மாதிரி கெடக்கு. எங்க பரம்பரையில நாலு புல்லைக் கடிச்சாத்தான் குமட்டிக்கிட்டு வெளியே வரும். முன்னெல்லாம் குகைக்குப் பின்னாடி மறைவா முளைச்சுக் கெடக்கும். இப்ப எங்கே போறது? அதான் இதைக் கடிச்சுப் பார்த்தேன்."

"வந்துச்சுங்களா?"

"இதுவும் சேர்ந்து உள்ளேயே உக்காந்துடுச்சு."

செம்பகம் வேலையைத் தொடங்கியது. கடிபட்ட இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்தது. அதே அளவில் புதுத்துண்டு வெட்டி, இழை சாயும் திசை பார்த்து வைத்தது. திசை மாறினால் பள்ளிக்கூட டிரவுசரில் போட்ட ஒட்டு மாதிரித் தூரத்திலேயே பல்லிளிக்கும். அடியில் நாடா வைத்து, பசை தடவி, மேலே கல்லைத் தூக்கி வைத்தது. இரண்டு பொத்தல் அடைபட்டது. மூன்றாவதற்குத் துண்டு போதவில்லை.

"கம்பெனியிலதான் கேட்டு வாங்கணும் ஐயா. படிவத்துல சேதக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடட்டும்?"

"ஆடு தின்னுடுச்சுன்னு போடு."

செம்பகம் படிவத்தை மடக்கியது. "அப்படிப் போட்டா நாளைக்கு ஒரு வீட்லயும் என்னை உள்ளே விடமாட்டாங்க. என் ரெண்டு குட்டிக்கும் இந்த வேலைதான் கஞ்சி ஊத்துது."

"புலி தின்னுச்சுன்னு போட்டா மட்டும்? எந்த மானாவது என்னைப் பார்த்து ஓடுமா? அப்புறம் நான் நிஜமாவே புல்லைத்தான் தின்னணும்."

இந்த ஆட்டையே தின்றுவிட்டால் விஷயம் முடிந்தது என்றும் புலி யோசித்தது. வயிறு இருந்த நிலைமையில் அதற்கு இடமில்லை.

அந்த நேரம் பார்த்துச் சங்கச் செயலாளர் நரி, மாதாந்திரச் சோதனைக்குப் போனைத் தூக்கிப் பிடித்தபடி வந்தது. அது எடுக்கிற படம் அடுத்த நிமிஷம் காடு முழுக்கப் போய்விடும்.

"என்ன தலைவரே, பல்லுத் தடமா இருக்கு? நீங்க பசிச்சாலும் புல்லைத் தொடமாட்டீங்கன்னு காடே சொல்லுது. யாரு பார்த்த வேலை இது?"

நரி ஆட்டைப் பார்த்தது. புலியும் ஆட்டைப் பார்த்தது.

செம்பகம் வாரண்டி அட்டையை எடுத்து நரியிடம் நீட்டியது. "பொருளின் பெயர்னு என்ன போட்டிருக்குன்னு நீங்களே படிங்க செயலாளரே."

நரி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தது. "தரைவிரிப்பு. நிறம், பச்சை."

"புல்லுன்னு எங்கேயாவது இருக்கா?"

நரி அட்டையைத் திருப்பிப் பார்த்தது. "இல்லையே."

"அப்ப ஐயா தின்னது புல்லு இல்ல. ஐயா ஜமுக்காளம் தின்னிருக்காரு. அதுவும் சொந்த ஜமுக்காளம்."

நரி குனிந்து பொத்தலில் சிதறிக் கிடந்த மணலைக் கிளறியது. பிறகு, "மணலோடயா தலைவரே?" என்றது.

"மணலோடதான்," என்றது புலி, நெஞ்சை நிமிர்த்தி.

'ஐந்து வருஷம் உழைக்கும் என்று கம்பெனி சொன்னதை நம் தலைவர் ஒரே கடியில் கிழித்தார்' என்று நரி படத்தோடு செய்தி அனுப்பியது. அன்று மான்கள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகமாக ஓடின. படிவத்தில் 'சாதாரணத் தேய்மானம்' என்று எழுதி நரியே கையெழுத்துப் போட்டது. புலி கடித்ததே தெரியாமல் ஒட்டுகிறவள் என்று செம்பகத்துக்கு ஏழு வீட்டிலிருந்து புதிதாக அழைப்பு வந்தது.

பசை காய்ந்ததும் செம்பகம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியது. புலி பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தியது.

"செம்பகம்மா, ஓடைக்கு அந்தப் பக்கம், உங்க ஏரியாவுல, நிஜ அருகம்புல்லு இன்னும் இருக்காமே. அடுத்த வாரம் மூணாவது துண்டு ஒட்ட வரும்போது ஒரு பிடி கொண்டு வாங்களேன். வயிறு இறங்கவே இல்ல. பை மேல மட்டும் 'உதிரிபாகம்'னு எழுதிடுங்க."

நீதி: எதைத் தின்பதாக இருந்தாலும், அட்டையில் அதற்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தின்னவும்.