லா பூஷ் அமைதியான ஊர் அல்ல

லா பூஷ், மேட்டு வீடு,
புனித பேதுரு விழாவுக்கு முந்திய வாரம்.

மதிப்பும் மரியாதையும் உள்ள பத்திரிகை ஆசிரியர் ஐயாவுக்கு,

மேட்டு வீட்டு ஐயாந்தி பாஸ்கோம் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் என் ஆடுகளும் நலம். நீங்களும் உங்கள் வீட்டாரும் உங்கள் அச்சு மெஷினும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நான் மூன்றாம் புத்தகம் வரைக்கும்தான் படித்தவள். அதற்கு மேல் டீச்சர் விடவில்லை, அவர் பேரும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் புருஷன் இறந்தபோது உங்கள் பத்திரிகை போட்ட அறிவிப்பில் மீனவர் என்று போடாமல் மீன் வியாபாரி என்று போட்டது. அதைப் பற்றிப் பேச இப்போது வரவில்லை. அதற்கு வேறே கடிதம் வரும்.

விஷயம் என்னவென்றால், ஈஸ்டர் முடிந்த கையோடு உங்கள் நிருபர் எங்கள் ஊரைப் பற்றி எழுதியிருந்தார். தீவிலேயே அமைதியான மீனவர் ஊர் லா பூஷ், அலைச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை என்று. ஐயா, நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். இங்கே அலைச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. யாராவது கேட்கவிட்டால்தானே.

அதைப் படித்துவிட்டுக் குளிர் தேசத்திலிருந்து ஒரு புருஷனும் பொண்டாட்டியும் வந்து கரையோர கெஸ்ட் ஹவுஸில் இறங்கிவிட்டார்கள். அந்த கெஸ்ட் ஹவுஸ் ஆல்வினுடையது. ஆல்வின் யார் என்றால் கிளோட்டில்டாவின் மருமகன். கிளோட்டில்டா யார் என்றால், என் கல்யாணத்துக்கு வந்து கேக்கின் மேல்துண்டைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டு போனவள். அன்றிலிருந்து அவளோடு நான் பேசுவதில்லை, அவசியம் ஏற்பட்டால் திட்டுவதோடு சரி. வந்தவர்கள் முதல் நாள் சேவல் கூவினதும் எழுந்து வந்து, இது எப்போது நிற்கும் என்று ஆல்வினைக் கேட்டார்களாம். "இன்னிக்கு மட்டும்தான் சார்"னு அந்த மடையன் வாக்குக் கொடுத்துட்டான். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே, அன்று மத்தியானமே ரம் கடையில் ஊர்க் கமிட்டி கூடினது, அதற்கும் ஆல்வின்தான் தலைவர், ஊர்ச் சேவல்களை எல்லாம் பிடித்துக் கூடையில் அடைத்துப் படகிலே அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். என் சேவலுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல், போன இடத்தில் இரை எடுக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதாம்.

அதோடு விட்டார்களா. டாமினோ ஆடும் சத்தம் அந்த அம்மாளுக்குத் தலைவலி தருகிறது என்றார்கள். எங்கள் ஆம்பளைகள் டாமினோக் கட்டையை மேசையில் ஓங்கி அறையாமல் ஆடி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அந்த அறையில்தான் பாதி ஆட்டமே இருக்கிறது. இப்போது ஆல்வின் ஒரு மெத்தையைக் கொண்டுவந்து ரம் கடை வாசலில் போட்டு, அதன்மேல் ஆடச் சொல்கிறான். ஊரில் சின்னவர்கள் எல்லாருக்கும் நான் டான்ட்டி, அதாவது அத்தை. மீன் படகுக்காரன் கத்பர்ட் என்னிடம் பரிதாபமாகச் சொன்னான்: "கட்டைய வைக்கிறேனா, தொட்டில்ல புள்ளையக் கிடத்துறேனான்னே தெரியல டான்ட்டி. ஜெயிச்சாக்கூட எதிராளி காதுல போய்ச் சொல்ல வேண்டியிருக்கு." கோயிலில் ஃபாதர் பிரசங்கத்தைக் கிசுகிசுவென்று சொல்கிறார். நரகத்தைக் கிசுகிசுவென்று சொன்னால் எவளுக்குப் பயம் வரும்? கிளோட்டில்டா சிரிச்ச முகமாக் கேட்டுட்டு உட்கார்ந்திருந்தா, ஏதோ அவளை விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி.

இத்தனையும் பொறுத்தேன் ஐயா. கடைசியில் சங்கில் கை வைத்தார்கள், இனி ஊதக் கூடாதாம். கத்பர்ட்டின் படகு முனையைத் திரும்பினதும் அவன் சங்கு ஊதுவான், ஊர் முழுக்கப் பாத்திரத்தோடு இறங்கி ஓடும். நான் மேட்டில் இருந்தாலும் சங்குச் சத்தம் கேட்டால் எல்லாருக்கும் முந்தி நிற்பேன். புனித பேதுரு விழா அன்று முதல் மீன் யார் கைக்கு வருகிறதோ அவள்தான், ஃபாதர் படகுகளை மந்திரித்து ஆசீர்வதிக்கிற சடங்குக்கு மீன் சாறு காய்ச்ச வேண்டும், அது எங்கள் வழக்கம். என் மாமியார் காய்ச்சினார், அவருக்குப் பிறகு நான். சங்கு இல்லையென்றால் படகு எப்போது வரும் என்று கரையோரத்தில் குடியிருக்கிற கிளோட்டில்டாவுக்குத்தான் தெரியும். அந்தச் சாறு அவள் கைக்குப் போய்விடும். அவள் மீனுக்கு எலுமிச்சை போடாதவள். ஃபாதர் அதைக் குடித்துவிட்டு எந்தப் படகை மந்திரிப்பார்?

கத்பர்ட் நல்லவன். "கவலப்படாதீங்க டான்ட்டி, மீன் வந்தா பாதாம் மரத்துல செவப்புத் துணி கட்டுறேன், மேட்டுலேருந்தே தெரியும்" என்றான். மறுநாளே மரத்தில் சிவப்பு தெரிந்தது. நான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன், என் பின்னால் மேட்டு ஜனம் பாதி. கீழே மீனும் இல்லை படகும் இல்லை. மரத்தில் காய்ந்தது கிளோட்டில்டாவின் உள்பாவாடை.

"என்ன ஐயாந்தி, என் பாவாடைக்கு ஊரையே கூட்டிட்டு வந்திருக்கே?" என்றாள்.

"வலை தைக்க ஆகுமான்னு பார்க்க வந்தேன்டி. இந்த ஓட்டையில திமிங்கலமே தப்பிச்சுப் போயிடும்" என்றேன்.

அவள் அதை அவிழ்க்கவே இல்லை. ரெண்டு நாள் கழித்து கத்பர்ட் நிஜமாகவே மீனோடு வந்து பக்கத்துக் கிளையில் துணி கட்டினபோது, எல்லாரும் பாவாடை என்று நினைத்து வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். பெரிய சூரை மீன், தலையோடு அவள் வீட்டுக்குப் போனது.

நேற்று எனக்கு மனசு கேட்கவில்லை. என் புருஷனுடைய சங்கு அலமாரியில் இருந்தது, எடுத்தேன், வாசலில் நின்று மூச்சு இருக்கிற மட்டும் ஊதினேன். ஐயா, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த ஊர், கேட்கவா வேண்டும். பாத்திரத்தோடு, கத்தியோடு, சோப்பு நுரை வழிகிற தலையோடு ஓடினது. கடலில் இருந்தவர்கள் வேளை கெட்ட வேளையில் சங்கு கேட்கவும் ஊர் பற்றி எரிகிறது என்று வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்தார்கள், வாளிகளில் தண்ணீரோடு. இந்தக் கூட்டமும் அந்தக் கூட்டமும் சரியாக கெஸ்ட் ஹவுஸ் வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. வராந்தாவில் இருந்த விருந்தாளிகள் இரண்டு பேரும் கத்திகளைப் பார்த்து மேசை மேல் ஏறிவிட்டார்கள்.

மேலே நின்றபடியே அந்த அம்மாள் என்னைக் கேட்டாள்: "இப்பவாவது சொல்லுங்க, இந்த ஊர்ல யாரு செத்துட்டாங்க? கொஞ்ச நாளா எல்லாரும் குசுகுசுன்னு பேசுறீங்க. ஆம்பளைங்க ஒரு மெத்தையைச் சுத்தித் தலை குனிஞ்சு உட்கார்ந்திருக்காங்க. நாங்க பயத்துல தூங்கவே இல்ல."

"இன்னும் யாரும் சாகலம்மா. விழா வரைக்கும் பொறுங்க, ஒருத்தி இருக்கா" என்று கிளோட்டில்டாவைப் பார்த்தேன்.

சரி, இதற்குப் பிறகாவது தடையை எடுப்பான் என்று பார்த்தால் ஆல்வின் என் சங்கைப் பிடுங்கிக் கமிட்டி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டான். "பத்திரிகையில அமைதியான ஊர்னு போட்டிருக்கு டான்ட்டி. அச்சுல வந்தத நான் எப்படி மாத்துறது? வேணும்னா அவங்கள மாத்தச் சொல்லுங்க" என்கிறான்.

ஆகையால் ஐயா, விழாவுக்கு முன்னால் உங்கள் பத்திரிகையில், லா பூஷ் அமைதியான ஊர் அல்ல, என்றைக்கும் இருந்ததில்லை, எழுதினது தப்பு என்று பெரிய எழுத்தில் போடவும். என் மாமியார் காலத்துச் சாறுச் சட்டி விழா அன்று அடுப்பில் ஏறுவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமலும் உங்கள் பேனா காயாமலும் கர்த்தர் காப்பாராக. உங்கள் சம்சாரத்தை நான் விசாரித்ததாகச் சொல்லவும். நிருபரை விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
ஐயாந்தி பாஸ்கோம்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்கு முன்னால் இதைக் கத்பர்ட்டிடம் வாசித்துக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னான்: "டான்ட்டி, அந்த நிருபர் வந்தது நீங்க பல்லு பிடுங்க டவுனுக்குப் போன அன்னிக்கு. அன்னிக்கு நாங்களே அலைச் சத்தத்தைக் கேட்டுட்டு, என்னமோ ஏதோன்னு வெளிய வந்து பார்த்தோம்." இது காதில் விழுந்ததும் கமிட்டி மறுபடியும் ரம் கடையில் கூடி, என்னையும் கூப்பிட்டுப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். சேவல், டாமினோ, சங்கு எல்லாம் பழையபடி. விருந்தாளிகள் ஊரில் இருக்கும்போது நான் டவுனில் என் மகள் வீட்டில் இருப்பேன். விழாவுக்கு நான் ஊரில், விருந்தாளிகள் டவுனில். நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: விழா அன்று முதல் மீனைக் கிளோட்டில்டா தன் கையால் செதில் சுரண்டி, மேடேறி வந்து என் வாசலில் தர வேண்டும். எல்லார் முன்னிலையிலும் ஒத்துக்கொண்டாள். எனவே மேலே எழுதினது எதையும் போட வேண்டாம். லா பூஷ் அமைதியான ஊர் என்றே இன்னொரு தடவை போடவும், படத்தோடு போட்டால் இன்னும் நல்லது. மேடு செங்குத்து, அவளுக்கு மூச்சு வாங்கும். மெதுவாக வரட்டும், எனக்கு அவசரம் இல்லை.