இசைத்தட்டில் விழுந்த கெட்டிமேளம்

நான் கண்ணை மூடிக்கொண்டு சாக்ஸபோன் வாசிப்பவன். ரசனையால் அல்ல. பேசும்படம் ஒன்றில் ஒரு வெள்ளைக்காரன் அப்படி வாசித்ததைப் பார்த்ததிலிருந்து பிடித்த வியாதி. அதுதான் என் முதலும் கடைசியுமான இசைத்தட்டைக் குட்டிச்சுவராக்கியது.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறையில் வேலை. கிள்ளான் ஜவுளிக்கடைக்காரரின் மகள் செல்லத்தைப் பெண் கேட்டுப் போனபோது அவர் சொன்னார்: “பிளேட்டுல உன் வாசிப்பு வரட்டும் தம்பி, பொண்ணு தரேன். வரலைன்னா இந்தக் குழாய வித்துட்டு வேற வேலையப் பாரு.”

அந்த மாதமே ஒலிப்பதிவுக் கம்பெனி ஒன்று கோலாலம்பூர் ஹோட்டலில் அறை எடுத்து, சன்னல்களில் கம்பளி தொங்கவிட்டு, ஜாஸ் வாசிக்க ஆள் தேடியது. “என் கோஷ்டி தயார்” என்று போய் நின்றேன். (கோஷ்டியில் அன்றைக்கு நான் மட்டும்தான்.) வயலினுக்குப் பட்டறைக் குமாஸ்தா ஒருவர் கிடைத்தார். டிரம் செட் வாசிக்க வருவதாகச் சொன்னவன் அம்பாங் நடன விடுதிக் கச்சேரியில் மாட்டிக்கொண்டதால், கோயில் தவில்காரர் முத்தையா அண்ணனைக் கூட்டிப் போனேன். செல்லத்தின் அப்பாவும் வந்து மூலையில் உட்கார்ந்துகொண்டார்.

மெழுகுத் தட்டு மூன்றுதான், ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம்தான் பிடிக்கும், நேரம் முடியும்போது விரலை ஆட்டுவேன், உடனே நிறுத்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார் ஒலிப்பதிவு செய்ய வந்த கம்பெனித் துரை. எனக்குப் புரிந்தது. மற்ற இருவருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. தலைவன் நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்ற மிதப்பு. அப்புறம் கண்ணை மூடிவிட்டேன்.

துரை விரலை ஆட்டினார். நான் பார்க்கவில்லை, முத்தையா அண்ணன் பார்த்தார். கல்யாண மேடையில் விரல் ஆடினால் முப்பது வருஷமாக அவர் செய்வது ஒன்றுதான். கொட்டினார் கெட்டிமேளம்! தாலி கட்டும்போது எவருடைய தும்மலும் காதில் விழக் கூடாது என்று கொட்டுகிற அந்தக் கொட்டு. துரை காதில் மாட்டியிருந்ததைப் பிய்த்தெறிந்தார்.

“என்னண்ணே பண்றீங்க?”

“வெரல ஆட்டுனாரேப்பா! யாருக்குக் கல்யாணம்னா கேக்க முடியும்?”

“ஆட்டுனா நிறுத்தணும்ணே, கொட்டக் கூடாது” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போனோம். விரல் ஆடியது. மறுபடியும் கெட்டிமேளம்.

“நான் இல்லப்பா, கைதான்” என்றார் பாவமாக. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

மூன்றாவதற்கு அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்காரவைத்தேன். எப்போது நிறுத்துவது என்று குமாஸ்தா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் யாரையும் பார்க்கவில்லை. மெழுகு தீர்ந்து ஊசி நின்ற பிறகும் நான் உருகி உருகி வாசித்துக்கொண்டிருந்தேனாம்.

செல்லத்தின் அப்பா எழுந்தார். பெண் போச்சு என்று சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்தேன்.

“ரெண்டு தடவ கெட்டிமேளம் கொட்டியாச்சு. இனி தாலி கட்டாம விட்டா என் வீட்டுக்குத்தான் ஆகாது. தை மாசத்துல நாள் பாரு” என்றார் எரிச்சலோடு.

கல்யாணத்துக்கும் முத்தையா அண்ணன்தான் தவில். ஐயர் விரலை ஆட்டினார். அண்ணனோ கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

“கொட்டுங்கண்ணே!”

“நெசமாவா? அப்புறம் திட்டக் கூடாது.”

அதற்குள் முதல் முடிச்சு விழுந்துவிட்டது. பந்தலில் யாரோ தும்மியது தெளிவாகக் கேட்டது.

இன்றுவரை என் வீட்டில் என்னால் ஒருவரையும் விரலை ஆட்டித் திட்ட முடியவில்லை. விரல் எழுந்தவுடன் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துக் கெட்டிமேளம் கொட்டுகிறார்கள். முதலில் ஆரம்பிப்பவள் செல்லம்தான்.