மஞ்சள் வரியை வாசிக்காதவர்

மறுபடி நிறுவுபவர் என்றொரு இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். கணினியில் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு கருவியை நிறுவுவார். அதன் பெயரைத் தட்டுவார். 'அப்படி ஒரு கட்டளையே இல்லை' என்று கணினி கைவிரிக்கும். உடனே நிறுவியதை நீக்குவார், மறுபடி நிறுவுவார், பெயரைத் தட்டுவார், அதே பதில் வந்ததும் கணினியை அணைத்து எழுப்பி, நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, முதலிலிருந்து தொடங்குவார். போட்ட பொருள் எங்கே போய் உட்கார்ந்தது என்று மட்டும் பார்க்கமாட்டார். பார்த்தால் கௌரவம் என்னாவது?

நோயாளிகளின் வீடுகளுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்பும் நிலையம் ஒன்றில் இந்த இனத்தின் அசல் வித்து ஒருவர் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். யார் எந்த வீட்டுக்குப் போவது என்று பிரித்துத் தரும் கருவியை அங்கே புகுத்தியவரும் அவரே. அதற்கு முன் மூத்த செவிலி கையாலேயே எழுதிக்கொண்டிருந்தார். "இனிமே உங்களுக்கு அந்தத் தலைவலியே வேண்டாம்" என்று சொன்னவருக்கு, இன்று புதுக் கணினி வந்திருந்தது; கருவியை அதில் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது.

மாலை நேரப் பராமரிப்பாளர்கள் பையும் தண்ணீர் பாட்டிலுமாக வாசல் பெஞ்சில் காத்திருந்தார்கள். எந்த வீடு என்று தெரியாமல் எங்கே கிளம்புவது? பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெரியவர் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தாமதமானால் முதுகு புண்ணாகும்.

"என்ன தம்பி, வருமா வராதா?" மூத்த செவிலி கதவில் சாய்ந்து நின்றார்.

"வந்துடும் சிஸ்டர். மறுபடி போட்டுட்டிருக்கேன்."

"மத்தியானமும் இதையேதானே சொன்னீங்க?"

"அது சாதாரணமாப் போட்டது. இது சுத்தமா எடுத்துட்டுப் போடறது."

"போதும் சார், எத்தனை தடவைதான் குளிப்பாட்டுவீங்க? புள்ளைக்குச் சளி பிடிச்சுக்கும்!" என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

அவருக்குக் காது சிவந்தது. இணைய வேகத்தைத் திட்டினார். இந்தக் கணினியை வாங்கியவரைத் திட்டினார். பைத்தானைக் கண்டுபிடித்தவரையும் விடவில்லை. நிறுவி முடிந்ததும் திரையில் மஞ்சள் நிறத்தில் சில வரிகள் வந்து நின்றன. ஒவ்வொரு முறையும் வந்தவைதான். சிவப்பாக வந்தால் இந்த இனம் பயப்படும், மஞ்சளை மதிக்காது.

"மஞ்சளா வருதே, அது என்ன?"

"அது சும்மா சிஸ்டர். எப்பவும் வரும்."

"எப்பவும் வர்ற காய்ச்சல்னு நாங்க விட்டுடறோமா? படிங்க. சத்தமா."

படித்தார். விறைப்பாகத் தொடங்கிய குரல் பாதியில் இறங்கி, கடைசியில் முணுமுணுப்பானது. கருவியை இன்ன கோப்புறையில் வைத்திருக்கிறேன், கணினி கட்டளைகளைத் தேடும் இடங்களில் இந்தக் கோப்புறை இல்லை, சேர்த்துக்கொள்ளவும். அவ்வளவுதான் சேதி.

"அப்போ அது இத்தனை நேரமும் உள்ளேயேதான் இருந்துச்சா?"

"ம்."

"இருக்கிற இடத்தையும் அதுவே சொல்லிக்கிட்டு இருந்துச்சா?"

அவர் கோப்புறையின் பெயரை முன்னால் சேர்த்து, கருவியின் பெயரைத் தட்டினார். யார் யாருக்கு எந்த வீடு என்பது மூச்சுவிடும் நேரத்தில் திரையில் வந்துவிட்டது. பெஞ்ச் காலியானது; பெரியவர் வீட்டுக்குப் போகவேண்டியவர் முதல் ஆளாக ஓடினார். தேடும் இடங்களோடு அந்தக் கோப்புறையையும் சேர்த்துவிட்டால் நாளைக்கு இந்தப் பாடு இல்லை. சேர்த்தாரா? இல்லை. "புதுக் கணினியில ஒரு பெரிய கோளாறு, சரி பண்ணிட்டேன்" என்று மேலாளருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள், இல்லையா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்து போய் மேசை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஏற்கனவே ஒன்று இருக்கும்போது, தேடிப் பார்க்காமல் இத்தனை கத்தரிக்கோல்களை வாங்கிவந்தது யார்?