நாலரை இஞ்ச் சுவரில் ஒரு கப்போர்டு

சங்கரன்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

மதிப்பிற்குரிய மைத்துனர் துரைப்பாண்டி அவர்களுக்கு, தங்கள் தங்கை மாப்பிள்ளை குருநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. சிவகிரியில் தாங்களும் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் சுகமென்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம், இடுப்பைத் தவிர. போனில் பேசினால் தங்கள் தங்கை கோமதித்தாய் பக்கத்தில் நின்று கேட்டுவிடுவாள். அதனால்தான் கடிதம்.

அவள் எதற்காக அங்கே வந்தாள் என்று சொல்லியிருப்பாள். சமையல் மேடைக்கு அடியில் இருக்கும் பாத்திரங்களைக் குனிந்து குனிந்து எடுத்து இடுப்பு விட்டுப்போச்சு, சுவரில் கப்போர்டு மாட்டுங்கள் என்று பத்து வருஷமாகக் கேட்டாள். போன திங்கட்கிழமையும் கேட்டாள். "எல்லாருந்தான் குனியுதாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். "அப்ப நீங்களே குனிஞ்சு எடுத்துப் பொங்குங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மூன்று நாள் நானே பொங்கினேன். பானைக்கு ஒரு குனிவு, அதன் மூடிக்கு ஒரு குனிவு, மூடி பொருந்தாமல் வேறு மூடிக்கு இன்னொரு குனிவு. நாலாம் நாள் குனிந்தவன் நிமிர முடியாமல் அடுப்படியில் அப்படியே நின்றேன். பத்து வருஷம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாளே திருநெல்வேலிக்குப் போய், பலகைகளை நாமே பூட்டி மாட்டிக்கொள்ளும் கப்போர்டு நாலு வாங்கிவந்தேன். முப்பத்தொரு வருஷம் நில அளவராக இருந்தவனுக்கு இது என்ன பெரிய வேலை என்ற எண்ணம். கூட வந்த தாளில் எழுத்தே கிடையாது, வெறும் படம். படத்தில் இருக்கிறவன் சிரித்துக்கொண்டே பூட்டுகிறான். நானும் பூட்டினேன், சிரிக்கவில்லை. முடித்துப் பார்த்தால் கதவு முதுகுப் பக்கம் இருக்கிறது. சுவரைப் பார்த்துத் திறக்கிற கப்போர்டு. பிரித்து மறுபடி பூட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

நேற்றுக் காலையில் டிரில்லை எடுத்தேன். நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே உள்ளது ஒரே பொதுச்சுவர், அதுவும் நாலரை இஞ்ச். நான் பலங்கொண்ட மட்டும் அமுக்க, டிரில் திடீரென்று வெண்ணெயில் போவது போல் போனது. நம் வீட்டுச் சுவர் இவ்வளவு இளக்கமா என்று நினைக்கும்போதே வாசலில் ஷாஹின் பானு வந்து நின்றார். பக்கத்து வீட்டில் தையல் கடை வைத்திருக்கிறவர்.

"அண்ணாச்சி, உங்க கம்பி எங்க வீட்டுக் காலண்டர்ல பதினாலாந் தேதியில வந்து நிக்கி."

ஊர் ஊராகப் போய் எல்லைத் தகராறு தீர்த்தவன் நான். டிரில்லும் கையுமாக நின்று, "பதினாலாந் தேதி ஏதும் விசேஷமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். டிரில்லை என் கையிலிருந்து வாங்கினார்.

"இப்பிடி அமுக்காதீங்க. அது மெதுவாத்தான் போவும். என் கடைப் பலகை பூராம் நாந்தான் அடிச்சேன்."

பிடித்துக் காட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். ஓட்டை எங்கே, எவ்வளவு ஆழம் என்று அவர் சொல்லச் சொல்ல நான் போட்டேன். அவர் வீட்டுப் பக்கம் வந்த ஓட்டையைச் சிமெண்ட் வைத்து நானே பூசிக் கொடுத்தேன். இன்று காலை முதலாவது கப்போர்டு சுவரில் ஏறிவிட்டது. மேற்கே ஓர் இம்மி சாய்வுதான், ஆனால் அசையவில்லை. பிடித்துத் தொங்கியும் பார்த்தேன். மீதி மூன்றையும் வியாழனுக்குள் மாட்டிவிடுவேன். ஆகவே மைத்துனரே, பக்குவமாகப் பேசித் தங்கையை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அனுப்பிவைக்க வேண்டும். நான் சொன்னது தப்பு என்று நான் சொன்னதாகவும் சொல்லவும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி. சங்கரநாராயணர் துணை.

இப்படிக்கு,
குருநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் கோமதித்தாய் வந்துவிட்டாள். ஷாஹின் பானு நேற்றே போன் பண்ணியிருக்கிறார். கப்போர்டைத் திறந்தாள். ஒரு டம்ளரை வைத்தாள், நின்றபடியே எடுத்தாள், மறுபடி வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு என் இடுப்பைப் பார்த்தாள், சாய்வைப் பார்த்தாள். "மீதி மூணையும் நானும் பானுவும் மாட்டிக்கிடுதோம். நீங்க அண்ணன் வீட்டுல நாலு நாள் படுத்துட்டு வாங்க" என்று, கொண்டுவந்த பையிலேயே என் வேட்டிகளை மடித்து வைத்துவிட்டாள். ஆகவே யாரையும் அனுப்ப வேண்டாம். சாயங்கால பஸ்ஸில் நானே வருகிறேன். கடிதமும் என்னுடனே வருகிறது.