தானா வந்துரும்

நான் அதிகம் பேசாதவன். பேசுவதில் பாதி, "தானா வந்துரும்" என்பதுதான். அந்த ஒரு பேச்சால் சிங்கவரத்தில் ஒரு கழனி மூலை வீணானது. தப்பு என்னுடையது.

படிப்பு ஒன்பதாவது. செஞ்சியில் மோட்டார் காயில் கட்டும் கடை. கரண்ட் போன நேரங்களில் போனில் வீடியோ பார்த்துப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். (நேரம் நிறையவே கிடைத்தது.) என் மனைவி செல்வியின் அண்ணன் நெல் அறுக்கும் மெஷின் வாடகைக்கு விடுகிறார். யார் கழனிக்கு என்றைக்கு மெஷின் என்று விவசாயிகளே போனில் பதிந்துகொள்ள ஒரு ஆப் செய்து கொடுத்தேன்.

ஆப்பில் எதைத் திருத்தினாலும் இன்டர்நெட்டில் எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்புவேன். அது சோதித்துப் புது ஆப்பாகக் கட்டித் தரும். அதற்குப் பெயர் பில்ட். சரியாகக் கட்டி முடிந்தால் பச்சை, முடியாவிட்டால் சிவப்பு. அந்தக் கம்ப்யூட்டரில் ஆபரேட்டிங் சிஸ்டம் எத்தனையாவது வெர்ஷன் வேண்டும் என்று நாம் ஒரு வரி எழுத வேண்டும். நான்கு வருடம் முன்பு ஒரு நம்பர் எழுதினேன். பிறகு தொடவில்லை. ஓடுகிறதை எதற்குத் தொடுவது?

ஆங்கிலத்தில் மெயில்கள் வந்தன. (ஆங்கிலம் என்றால் விளம்பரம் என்பது என் முடிவு.) பிறகு சில நாட்களில் பில்ட் சிவப்பானது. சில மணி நேரம் கழித்துப் பச்சையானது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. அங்கேயும் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்துகிறார்கள். செல்விக்கும் விளக்கினேன், பெரிய இன்ஜினியர் மாதிரி.

அறுப்பு நேரம் வந்தது. ஆப் ஒரே காலையை இரண்டு பேருக்குக் கொடுக்க ஆரம்பித்தது. நான் செய்த கோளாறுதான். இரண்டு வரி திருத்தி அனுப்பினேன். சிவப்பு. டீ குடித்துவிட்டு வந்தேன். சிவப்பு. மச்சான் போன் செய்தார்.

"இன்னா மாப்ள, சரி பண்ட்டியா?"

"பண்ணிட்டேன். அங்க கரண்ட் இல்ல போல. தானா வந்துரும்."

"எப்ப?"

"வரும்போது."

மறுநாளும் சிவப்பு. மூன்றாம் நாள் காலை மெஷின் வல்லத்தில் அறுத்துக்கொண்டிருந்தது. சிங்கவரத்து அஞ்சலையம்மா என் கடை வாசலில் வந்து நின்றார். கையில் போன். அதே காலைக்கு அவர் பெயரும் இருந்தது. மேற்கே வானம் கறுத்திருந்தது.

"இன்னாப்பா இது? டிராக்டர் நிக்குது, ஆளு நிக்குது, நான் நிக்கிறேன். மெஷின் எங்க?"

"வல்லத்துல."

"அப்ப என் போன்ல போட்டிருக்கிறது?"

"பில்ட் பச்சையாகணும்மா. தானா வந்துரும்."

"எது, மழையா? அது வந்துரும்."

செல்வி பன்னிரண்டாவது படித்தவள். என் போனைப் பிடுங்கி மெயிலைப் படித்தாள். எழுத்துக்கூட்டித்தான். ஆனால் படித்தாள்.

"ஏங்க, உங்க வெர்ஷன் பழசாம். எடுத்துட்டாங்களாம். இனிமே வராதாம். அஞ்சு மெயில் போட்டிருக்காங்க."

"நடுவுல நின்னு நின்னு வந்துச்சே?"

"அதுவும் அவங்களே வேணும்னு நிறுத்துனதுதான். மெயில் பாக்காதவங்களுக்கு உறைக்கட்டும்னு."

எனக்கு உறைக்கவில்லை.

நம்பரை மாற்றினேன். சிவப்பு. ஆப்பில் நான் சேர்த்திருந்த பழைய சாமான்கள் எதுவும் புது வெர்ஷனில் ஒத்துவரவில்லை. வருடத்துக்குக் கொஞ்சமாக மாற்றியிருக்க வேண்டியதெல்லாம் அன்றைக்கு ஒன்றாக வந்து நின்றது. அஞ்சலையம்மாவும் நின்றார்.

"நீங்க அதைக் கட்டிட்டு அழுங்க" என்று செல்வி ஒரு நோட்டை எடுத்தாள். பதிந்திருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து நாள் பிரித்துக் கொடுத்தாள். வல்லத்துக்காரர், தன் கழனி மேடு, தண்ணீர் நிற்காது, மீதியைப் பிறகு அறுத்துக்கொள்கிறேன் என்றார். மதியத்துக்கு மேல் மெஷின் சிங்கவரம் போனது. (முதல் நாளே இதைச் செய்திருக்கலாம். போன் என் கையில்தான் இருந்தது.)

நாலு மணிக்கு மழை பிடித்தது. ஒரு மூலை அறுக்காமல் நின்றுவிட்டது. ஐந்தரைக்குப் பில்ட் பச்சையானது. அதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

நாலைந்து நாள் கழித்து மழை விட்ட பிறகு சிங்கவரம் போனேன். சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்திருந்தது. அஞ்சலையம்மா திட்டவில்லை. முளையைக் காட்டினார்.

"பச்சையாகணும்னியே. பாரு, ஆயிட்டுது."

திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இப்போது ஆங்கிலத்தில் மெயில் வந்தால் அன்றைக்கே செல்வி படிக்கிறாள். நான் நம்பரை மாற்றுகிறேன். ஒவ்வொரு வெர்ஷனாக, ஓடும்போதே.

வீட்டில் கரண்ட் போனால் செல்வி கேட்பாள், "தானா வந்துருமா?" மச்சான் இருந்தால் அவரும் சேர்ந்துகொள்வார், "மாப்ள, மெயில் பாத்தியா?" சிரிப்பார்கள். நான் எழுந்து போய் முதலில் பியூஸைப் பார்க்கிறேன்.