நாற்பத்தோராம் பக்கமும் காலாவதி சாரும்

மெட்ராஸில் பழைய தகவல் ஒன்றைக்கூட உயிரோடு விட்டுவைக்காத ஒரே மனிதர் எங்கள் காலாவதி சார்தான். லஸ் முனை பஸ் நிறுத்தப் பலகையில், எப்போதோ நின்றுபோன பஸ்ஸின் எண்ணைச் சாக்பீஸால் அடித்துக்கொண்டிருப்பார். அதற்குள் அவர் ஏறவேண்டிய பஸ் போய்விடும். பெண் பார்க்கப் போன வீட்டில் போன வருஷக் காலண்டரைக் கழற்றிப் பெண்ணின் அப்பா கையிலேயே கொடுத்தாராம். காபியோடு அனுப்பிவிட்டார்கள்.

தொண்ணூறுகளில் தி.நகரில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தோம். நாம் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரிகிறமாதிரி மாற்றித்தரும் கம்பைலரை ஆபீஸ் ஆபீஸாகப் போய் ஏற்றிக்கொடுப்பது அவர் வேலை. அதற்கான கையேட்டை ஜெராக்ஸ் எடுத்து பைண்டு செய்வது, எட்டாவதோடு நின்ற என் வேலை. கவலைப்படுவது உபதொழில்.

ஒருநாள் புதுக் கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் டீயைக் கொட்டிவிட்டேன். பயத்தில், போன வருஷக் கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தை வைத்துப் பன்னிரண்டு பிரதி போட்டேன். வரிகளை எண்ணிக்கூடப் பார்த்தேன். சரியாகவே இருந்தது!

பிரதிகள் போய்ச் சேர்ந்த சில நாளில், அடையாறிலிருந்து பாலம் கட்டும் ஆபீஸ்காரர் போனில் கத்தினார்: "யோவ், கம்ப்யூட்டர்ல பாலத்தோட எடை அரை இட்லி வெயிட்டு காட்டுது!"

"யார் தப்புன்னு சாயங்காலத்துக்குள்ள தெரியணும். அவன் நாளைக்கு வரவேண்டாம்" என்றார் மேனேஜர். காலாவதி சாரிடம் ஓடி எல்லாவற்றையும் கொட்டினேன். "ரெண்டு பொண்ணு கீது சார் எனக்கு!"

பக்கத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "ஆஹா, சுத்தக் காலாவதி! புள்ளி வெச்ச நம்பரை எழுதிவைக்கற முறையே புதுசுல மாறிடுத்து. இது இன்னும் பழைய முறைன்னே சொல்லிண்டிருக்கு. இதை நம்பிப் பழைய ஃபைலை அப்படியே போட்டிருக்கா. வாக்கியப் பஞ்சாங்கத்துல கணிச்ச ஜாதகத்தைத் திருக்கணிதம்னு நெனச்சுண்டு பார்த்தா கல்யாணம் என்னாகும்?"

"புட்டுக்கும் சார்."

"பாலமும் அப்படித்தான்."

பழைய ஃபைலைப் படிக்க, பழைய முறை என்று தனியாகச் சொல்லவேண்டும் எனத் திருத்தச் சீட்டு டைப் அடித்தார். டீ அடுப்பிலேயே மைதாப் பசை காய்ச்சினார். பன்னிரண்டு கையேட்டிலும் சீட்டை ஒட்ட, ராயப்பேட்டையில் ஆரம்பித்துப் பெருங்குடி வரை பசை வாளியோடு பஸ்ஸில் அலைந்தோம். அடையாறு ஆபீஸ் வாட்ச்மேன் மறித்தான்.

"இன்னா நைனா, போஸ்டர் ஒட்ட வந்துக்கினு கீறியா?"

"போஸ்டர் இல்லை சார், தசமப் புள்ளி" என்றார் காலாவதி சார்.

"அது எந்தக் கட்சி?"

உள்ளே போய்ச் சீட்டில் சொன்னபடி செய்ததும், பாலம் இரும்பு எடைக்குத் திரும்பியது.

சாயங்காலம் மேனேஜர் கேட்டார்: "யார் தப்பு?"

காலாவதி சார் சீட்டை நீட்டினார். அடியில், 'திருத்தியவர்: கன்னியப்பன்'. என் பெயர்!

"ஜெராக்ஸ் போடறவனா?"

"பக்கம் பழசுன்னு மொதல்ல வந்து சொன்னவர் அவர்தான் சார்." ஒரு வார்த்தை பொய்யில்லை. மேனேஜர் என்னைப் பார்த்து, "நாளைக்குச் சீக்கிரம் வா" என்றார்.

மிஞ்சிய ஒரு சீட்டு என் வீட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலண்டரை மட்டும் ஜனவரி ஒன்றாம் தேதி விடிவதற்குள் மாற்றிவிடுகிறேன். திடீரென்று அவர் வந்து நின்றுவிட்டால்?